பகையரிசி

அத்தான் அய்யாத்துரையைக் குருவையா உயிரோடு கடைசியாகப் பார்த்தது மைதானத்துக் குழாயடியில். துறைமுக அணியிடம் சொந்த ஊரிலேயே தோற்ற அன்று, கூட்டமெல்லாம் வாய் வலிக்கத் திட்டிவிட்டுக் கலைந்துபோன பிறகு, அவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கால் பேடுகளில் காய்ந்திருந்த எச்சிலைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். யாருடைய எச்சில் என்று அவர் கேட்கவில்லை. இன்னாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு அது ஊர்ச் சொத்தாக இருந்தது. குருவையாவைப் பார்த்ததும், "மாப்ள, சோறு வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிரு, வயிறு சரியில்ல" என்றார். சரி அத்தான் என்று சொல்லிவிட்டு வந்தவன் வழியில் வேறு யோசனையில் அதை மறந்துபோனான். விடிவதற்குள் அய்யாத்துரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக் கொட்டகையிலேயே செத்துக் கிடந்தார். அவர் சோறு வேண்டாம் என்று சொன்னதைக் குருவையா அக்காளிடம் சொன்னது மறுநாள், அவள் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோது.

கடம்பூரணியில் அப்போது ஹாக்கிதான் பேச்சு. வெள்ளிக்குடம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ரத்தினசபாபதி சம்பளம் கொடுத்து வைத்திருந்த அணி அது. காலையும் மாலையும் ஸ்டிக் பிடிப்பதுதான் அவர்களுக்கு வேலை, வேறு வேலை கிடையாது. முந்தின வருஷம் லீக்கில் கோப்பையை வாங்கிவிட்டார்கள். முதலாளி சந்தோஷத்தில் தீப்பெட்டி லேபிளில் வெள்ளிக்குடத்தை எடுத்துவிட்டு அணியின் படத்தைப் போட்டார். நடுவில் நின்றது கோல்கீப்பர் அய்யாத்துரை. அந்த லேபிளை ஒட்டியவர்கள் கடம்பூரணிப் பெண்கள், அந்தப் பெட்டிக்குள் குச்சி அடைத்தவர்கள் கடம்பூரணிப் பிள்ளைகள், அந்தப் பெட்டியை லாரியில் ஏற்றியவர்கள் கடம்பூரணி ஆண்கள். ஆகவே அடுத்த வருஷம் அணி தோற்கத் தொடங்கியபோது அந்தத் தோல்வி எங்கோ மைதானத்தில் நடந்த விஷயமாக இல்லாமல், ஒவ்வொருவர் கையிலும் பசையோடு பசையாக ஒட்டிக்கொண்டுவிட்டது. சந்தைக்குப் போன இடத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில், ஆஸ்பத்திரி வரிசையில்கூட வெளியூர்க்காரன் பெட்டியை எடுத்துக் குச்சியை உரசி, "உங்க ஊரு குச்சிக்குத் தீயும் பிடிக்கல, உங்க ஊரு கீப்பருக்குப் பந்தும் பிடிக்கல" என்று சொல்லிச் சிரித்தான். கேட்டவர்கள் அந்தச் சிரிப்பைச் சுமந்துகொண்டு ஊருக்கு வந்து, அதை அய்யாத்துரையின் தலையில் இறக்கினார்கள்.

முன்கள ஆட்டக்காரர்கள் கோல் போடாததை யாரும் பேசவில்லை. ஃபுல்பேக்காக அவருக்கு முன்னால் நின்ற குருவையாவின் பக்கமாகத்தான் பாதிப் பந்துகள் போயின, அதையும் யாரும் பேசவில்லை. கோல் விழும்போது கடைசியாகப் பந்துக்குப் பக்கத்தில் இருப்பவன் எவனோ அவன்தான் குற்றவாளி என்று ஊர் முடிவு செய்திருந்தது. அது வசதியாகவும் இருந்தது. திட்டுவதற்கு ஒரே ஆள் போதும்.

கடம்பூரணியில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்கு உறவுக்காரர்கள் வாய்க்கரிசி போட்டு முடித்ததும், தூக்குவதற்கு முன்னால், சடங்கு செய்கிற நாவிதர் தெருவைப் பார்த்து நின்று, "பகையாளி உண்டா" என்று உரக்கக் கேட்பார். செத்தவரோடு பேச்சு முறித்துக்கொண்டவர், வரப்புத் தகராறில் வெட்டப் போனவர், கொடுத்த பெண்ணைத் திருப்பி அனுப்பியவர், எவராவது ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஒரு கைப்பிடி அரிசியை அந்த வாயில் போடுவார். அதோடு பகை முடிந்தது. செத்தவரின் வாயும் மூடிக்கொள்ளும். பகையரிசி என்று அதற்குப் பெயர். எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர் என்றாலும் அவரோடு ஒரு மனத்தாங்கல்காரர் எப்படியாவது கிடைத்துவிடுவார். பகையாளி இல்லாமல் அந்த ஊரில் யாரும் செத்ததில்லை.

அய்யாத்துரைக்கு ஊரே பகையாளி. நாவிதர் கேட்டார். தெரு நிறைய ஆட்கள் நின்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் நகரவில்லை. நாவிதர் மறுபடி கேட்டார். டீக்கடை காளிராஜ், மைதானத்தில் எல்லோருக்கும் முந்தி வாய் திறக்கிறவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து ரெண்டு காலுக்கு நடுவுல பந்த விட்டாம்லா. அதுக்கு நான் அரிசி போட்டா, விட்டது சரிதான்னு ஆயிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கோல் மனசில் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வாய் திறந்தபடியே அய்யாத்துரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாய் திறந்தபடியே புதைத்தார்கள். திரும்பி வரும் வழியில்கூட அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஆட்டத்தன்று சாயங்காலம், அம்பயர் விசில் ஊதப் போகிற நேரம், அய்யாத்துரை கோலில் நின்றுகொண்டிருந்தார். பேடுகள் கட்டியிருந்தார், கையுறை போட்டிருந்தார், தலைமுடியில் இடுகாட்டுக் கரிசல் மண் உலர்ந்து ஒட்டியிருந்தது, வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. புதிதாகக் கூட்டிவந்திருந்த கீப்பர் பையன் கோலுக்கு வந்து பார்த்துவிட்டு, இடமில்லை என்பதைப் போலத் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். அம்பயர் வந்து அய்யாத்துரையைச் சுற்றிப் பார்த்தார், இடதுகால் பேடின் வார் தளர்ந்திருக்கிறது, இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள் என்றார், குருவையா குனிந்து இறுக்கிக் கட்டினான். கால் களிமண் போலக் குளிர்ந்திருந்தது. விசில் ஊதினார்கள்.

செத்தவர் என்பதால் ஆட்டம் கூடிவிடவில்லை. உயிரோடு இருந்தபோது எந்தப் பந்தைப் பிடித்தாரோ அந்தப் பந்தைப் பிடித்தார், எதை விட்டாரோ அதை விட்டார். முதல் கோல் விழுந்தபோது கூட்டம் வாயைத் திறந்தது, திறந்த வாயோடு அப்படியே நின்றது. செத்தவரை ஏசுவது பாவம் என்பது கடம்பூரணியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். காளிராஜ் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஏச்சு தொண்டைக்குள் புரளுவது அவர் கழுத்தில் தெரிந்தது. கடைசியில், "செத்தவன் எதுக்குல கோல்ல நிக்கான்? நிக்கான்னா சாகலன்னு அர்த்தம்" என்றார். ஊர் பெருமூச்சு விட்டது. அதன் பிறகு அவர்கள் ஏசிய ஏச்சில் மைதானத்து வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்து பக்கத்து ஊருக்குப் போய்விட்டன.

இப்படியாக அய்யாத்துரை சாகவில்லை என்று ஊர் தீர்மானித்தது. தீர்மானித்த பிறகு அதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் வேனில் கடைசி இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வார். மண் வாடை அடிக்கும் என்பதால் குருவையாவைத் தவிர யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. மற்ற நாட்களில் வெயிலோ காற்றோ கோலை விட்டு அசைவதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் அவர் நிழலில் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனார்கள். துறைமுக அணிக்காரர்கள் லீக் கமிட்டியிடம் புகார் செய்தார்கள். செத்த ஆளை வைத்துத்தானே தோற்கிறார்கள், ஜெயித்தால் வாருங்கள் என்று கமிட்டி அதைத் தள்ளிவிட்டது.

கஷ்டமெல்லாம் உலகம்மாளுக்குத்தான். அவள் அய்யாத்துரையின் மனைவி, குருவையாவுக்கு ஒரே அக்காள். தாலியைக் கழற்றலாமா கூடாதா என்று சொல்ல ஊரில் ஆளில்லை. பொட்டு வைக்காமல் தெருவில் போனால், புருஷன் கல்லுப்போல நிற்கும்போது இவள் எதற்கு இப்படித் திரிகிறாள், ஊருக்கே ஆகாது என்று பெண்கள் ஏசினார்கள். பொட்டு வைத்துக்கொண்டு போனால், மண்ணுக்குள் போனவனுக்கு மினுக்கிக்கொண்டு திரிகிறாள் என்று அதே பெண்கள் ஏசினார்கள். கருமாதி செய்ய நாவிதர் மறுத்தார். நின்றுகொண்டிருப்பவருக்கு எப்படிக் கருமாதி செய்வது. கல்யாண வீட்டில் அவளை உள்ளே விடவில்லை, சாவு வீட்டிலும் விடவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் அவளுக்கு மட்டும் தனியாக ஒரு மூலையில் பலகை போட்டுக் கொடுத்தார்கள். அவள் தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் கோல்கம்பத்தடியில் வைப்பாள். அவர் குனிந்து பார்க்கமாட்டார். பறந்துபோன காக்கைகளில் ஒன்றிரண்டு திரும்பி வந்து அதைத் தின்றன.

ஒருநாள் குருவையா அவள் வீட்டுக்குப் போனபோது அவள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "நான் தாலியறுத்தவளா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லுடா. எதுன்னாலும் இருந்துக்கிடுதேன். ரெண்டாவும் இருக்க முடியல" என்றாள். அன்றிலிருந்து குருவையாவுக்கு வேறு நினைப்பில்லை. ஒரு கைப்பிடி அரிசி, ஒரு பகையாளியின் கையால், அந்த வாய்க்குள் போக வேண்டும். அது போனால் அத்தான் படுத்துவிடுவார், அக்காள் ஏதாவது ஒன்றாக இருந்துவிடுவாள்.

முதலில் காளிராஜிடம் போனான். காளிராஜ் டீ ஆற்றிக்கொண்டே, தனக்கு அய்யாத்துரையோடு சொந்தப் பகை ஒன்றுமில்லை, ஊருக்காகத்தான் ஏசுகிறேன், ஊர் சொன்னால் போடுகிறேன் என்றார். ஊரைக் கேட்டால் காளிராஜ் போடட்டும், அவர்தான் அதிகம் ஏசியவர் என்றார்கள். லேபிள் ஒட்டும் பெண்கள் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் போடுகிறோம் என்றார்கள், அடுத்த ஆட்டத்தில் தோற்றதும், பார்த்தாயா, இவனுக்கா அரிசி என்றார்கள். முதலாளி ரத்தினசபாபதி அவனை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு உள்ளதைச் சொன்னார். "அவன் போயிட்டா எம்மேலதானப்பா பேசுவானுங்க" என்றார்.

பிறகு குருவையா பஸ் பிடித்துத் துறைமுக அணியின் முன்கள ஆட்டக்காரன் லூர்துவைத் தேடிப் போனான். முன்பொரு ஆட்டத்தில் அய்யாத்துரையின் ஸ்டிக் பட்டு மூக்கு உடைந்தவன் அவன். அது நல்ல பகை என்று குருவையா நினைத்தான். லூர்து மறுக்காமல் கிளம்பி வந்தான், செருப்பைக் கழற்றிவிட்டு கோலுக்குள் போனான், சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கைப்பிடி அரிசியை அய்யாத்துரையின் வாயில் போட்டான். அரிசி அப்படியே உதட்டின் வழியாக வழிந்து நெஞ்சில் விழுந்தது. லூர்து கோணல் மூக்கைத் தடவிக்கொண்டு சங்கடமாகச் சிரித்தான். மூக்கு உடைந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர் அவர், என்மேல் அவருக்கோ அவர்மேல் எனக்கோ என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் போனான்.

அதன் பின் குருவையா தானே முயன்று பார்த்தான். அத்தானை ஏசும் வார்த்தைகளை நடக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகினான். காளிராஜின் ஏச்சுகளில் தேர்ந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டான். ஆளில்லாத மத்தியானத்தில் கோலுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அய்யாத்துரை அவனைப் பார்த்தார். ஆட்டத்தில் அவன் பந்தைத் தப்பவிடும்போது பார்க்கிற பார்வை, கோபம் இல்லாத பார்வை, பரவாயில்லை மாப்ள என்கிற பார்வை. குருவையா ஏச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டான். பால்யத்தில் அவனுக்கு ஸ்டிக் வாங்கிக் கொடுத்தவர், ஊர் ஊராகக் கூட்டிப்போனவர், அவனுக்கு அப்பா முகம் என்றால் அவர் முகம்தான். அரிசியைப் போட்டான். அது அப்படியே கீழே விழுந்தது. கோழி ஒன்று வந்து பொறுக்கிற்று.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் லீக்கில் இருக்கலாம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி கார்னர். எதிரணிக்காரன் அடித்த பந்து குருவையாவின் ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறி, அய்யாத்துரையின் திறந்த கையுறைக்கும் இடுப்புக்கும் நடுவே புகுந்து உள்ளே போயிற்று. குருவையாவின் ஸ்டிக்கில் பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். ஏசியது அய்யாத்துரையைத்தான். அந்த வாரமே முதலாளி அணியைக் கலைத்தார். லேபிளில் பழையபடி வெள்ளிக்குடம் வந்தது. ஆட்டக்காரர்களுக்குக் குச்சிகளை மருந்தில் முக்கும் இடத்திலும் லாரியிலும் வேலை போட்டுக் கொடுத்தார்கள், குருவையா பண்டல் கட்டப் போனான்.

ஆட்டம் நின்றுவிட்டதே தவிர, அய்யாத்துரை கோலில்தான் நின்றார். முதலில் காளிராஜ்தான் ஒரு சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, பழைய ஞாபகத்தில் நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் சண்டையே இல்லை என்று அவர் மனைவி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொன்னாள். மறுநாள் அவள் மச்சினன் போனான். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்கள் வேலை விட்டதும் நேரே மைதானத்துக்குப் போய், மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டியதை அய்யாத்துரைக்குச் சொன்னார்கள். மேஸ்திரியும் போய், முதலாளிக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மருமகளோடு பேசாத மாமியார்களும், மகனுக்குப் பயந்த தகப்பன்மார்களும், பங்காளியின் முகத்தில் முழிக்காதவர்களும் போனார்கள். கோல், பந்து, பெனால்டி என்று ஹாக்கிப் பேச்சில்தான் தொடங்குவார்கள், நடுவிலேயே அது வேறு எங்கோ திரும்பிவிடும். அய்யாத்துரை திறந்த வாயோடு கேட்டுக்கொண்டு நிற்பார். அவர் காலடியில் மண் குழிந்துகொண்டே போயிற்று. ஊருக்குள் வீடுகள் அமைதியாயின. அடி வாங்காமல் பிள்ளைகள் தூங்கின. போலீஸ் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் பகலிலேயே குறட்டை விட்டார். நல்ல ஊர் என்று கடம்பூரணிக்கு அக்கம்பக்கத்தில் பெயர் வந்தது. வெளியூர்க்காரர்கள் பெண் கொடுக்கத் தேடி வந்தார்கள்.

குருவையா இப்போது அரிசிப் பேச்சை எடுத்தால் முன்போல யாரும் சாக்குச் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே மிரட்டினார்கள். "ஒங்க அக்கா ஒருத்திக்காக ஊரு கெட்டுப்போகணுமால?" என்று காளிராஜ் கேட்டார். மைதானத்து வாசலில் இரண்டு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். சட்டைப்பை, மடி, தூக்குவாளி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பச்சரிசி கையில் இருந்தால் போக விடமாட்டார்கள். உலகம்மாளின் சோற்று வாளியை மட்டும் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள். அது வெந்த சோறு, கணக்கில் வராது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை விட்ட கூட்டம் முழுக்க மைதானத்தில் நிற்கும்போது, உலகம்மாள் வந்தாள். மத்தியானம் வர வேண்டியவள் இப்போது வருகிறாளே என்று காவல்காரர்கள் பார்த்தார்கள். கையில் ஒரு பித்தளைச் செம்பு. தண்ணீர்ச் செம்பு என்று விட்டுவிட்டார்கள். குருவையா பண்டல் கட்டிய கைகளோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவன் வழிவிடச் சொல்வதற்குள் கூட்டமே வழிவிட்டது. ஏசிக்கொண்டிருந்த காளிராஜ் பாதியில் நிறுத்திவிட்டு, முடித்துக்கொள்கிறேன் ஒரு நிமிஷம் இரு என்பதைப் போலக் கை காட்டினார்.

உலகம்மாள் அவரைத் தாண்டிப் போய் கோலுக்குள் நின்றாள். குழிக்குள் நின்ற அய்யாத்துரையின் முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது, அவர்கள் சொல்லிப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்தது.

"இத்தன நாளா நானும் ஓரமா நின்னு கேக்கேன்" என்றாள். "பந்த விட்டீங்களாம். பந்து போனா யாருக்கு என்ன. நம்ம கல்யாணத்தன்னைக்குச் சாயங்காலம் ஆட்டம்னு போனீங்க, மாலையக் கழட்டி என் கையில குடுத்துட்டுப் போனீங்க, நான் ரெண்டு மாலையோட உக்காந்திருந்தேன். சரின்னு இருந்துட்டேன். எனக்குப் பிள்ள பிறந்து மூச்சில்லாம கிடந்தப்ப நீங்க திண்டுக்கல்ல கோப்ப வாங்கிக்கிட்டு இருந்தீங்க. மறுநாள் தாரை தப்பட்டையோட வந்தீங்க. தெரியாது, யாரும் சொல்லலன்னீங்க. சரிதான், தெரியாதுதான். வீட்டுல வேற இடமில்லன்னு அந்தக் கோப்பையத் தூக்கி எங்க வச்சீங்க? தொட்டில்ல வச்சீங்க. கோப்பையோட ஒரு காத நீங்க பிடிச்சிருந்தீங்க, எந்தம்பி ஒரு காதப் பிடிச்சிருந்தான்."

குருவையாவுக்கு அந்தக் கோப்பையின் கனம் கையில் வந்தது. தொட்டில் ஆடியதும் ஞாபகம் வந்தது. அது எதற்குக் கட்டியிருந்த தொட்டில் என்பதை அன்றைக்கு அவன் யோசிக்கவே இல்லை.

"கடைசியா சோறு வேண்டாம்னு சொல்லியனுப்பினீங்க. அதுவும் எங்கிட்ட வந்து சேரல. நான் விடியுந்தட்டியும் சோத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊரெல்லாம் உங்கள ஏசிச்சு, எல்லாரும் பகையாளின்னாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இவங்களுக்கு என்ன பகை உங்க மேல." செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாந்தான் பகை. பொண்டாட்டியா ஒரு பிடி அன்னைக்கே போட்டுட்டேன். இது வேற."

செம்பைச் சரித்து ஒரு கை நிறையப் பச்சரிசியை அள்ளினாள். காளிராஜ் பாய்ந்து வந்தார், காவல்காரர்கள் வந்தார்கள், அதற்குள் அரிசி உள்ளே போய்விட்டது. ஒரு மணிகூடக் கீழே விழவில்லை. அய்யாத்துரையின் வாய் மூடிக்கொண்டது. அவர் உலகம்மாளை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று குருவையா வெகுநாள் யோசித்தான், முதல்முதலாக அவளை முழுக்கப் பார்க்கிற மாதிரி இருந்தது என்பதற்கு மேல் அவனால் ஒன்றும் சொல்ல முடிந்ததில்லை. பிறகு அவர் குனிந்து, இடதுகால் பேடின் வாரைத் தளர்த்தினார், வலதுகால் பேடைக் கழற்றினார், கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார், குழிக்குள்ளேயே பக்கவாட்டில் படுத்துக்கொண்டார். படுத்த பிறகு அவர் பிணமாகத்தான் இருந்தார். ஈ வந்து உட்கார்ந்தது.

அவரைத் தூக்க ஆள் வரவில்லை. குருவையாவும் நாவிதரும் லூர்துவும்தான் தூக்கினார்கள்; லூர்துவுக்குச் சொல்லியனுப்பியதும் வந்துவிட்டான். ஊர் மைதானத்திலேயே நின்று, வெறும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்றார்கள், ஊர்ச் சொத்தில் கை வைத்தாள் என்றார்கள், சிலர் குழியைப் பார்த்து ஏசியும் பார்த்தார்கள். அது குழியாகத்தான் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காளிராஜ் வீட்டில் முதல் சட்டி உடைந்தது. தொடர்ந்து வடக்குத் தெருவில், பிறகு மேலத் தெருவில், பிறகு எல்லாத் தெருவிலும் சத்தம் எழும்பியது. மறுநாள் தீப்பெட்டி ஆபீஸுக்கு உதடு வீங்கிய பெண்களும் கண் கன்றிய பிள்ளைகளும் வந்தார்கள். கான்ஸ்டபிள் லுங்கியை அவிழ்த்துவிட்டுக் காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டார். இதற்கெல்லாம் காரணம் உலகம்மாள்தான் என்று ஊர் சொன்னது, சொன்னவர்கள் யாரும் அவள் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லவில்லை. அவளைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

அவள் தாலியைக் கழற்றிவிட்டாள். கருமாதி நடந்தது. எல்லாம் முடிந்த மறுநாள் குருவையா அவள் வீட்டுக்குப் போனான். இனி நிம்மதியாக இரு அக்கா என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான். அவள் அவனை உட்காரச் சொன்னாள், சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தவன், உத்தரத்துப் பலகையில் அந்தப் பித்தளைச் செம்பு இருப்பதைப் பார்த்தான். வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"அரிசி மிச்சம் இருக்கா அக்கா?" என்றான்.

"ஒரு பிடி இருக்கு."

"உலையில போட்டிரலாம்ல."

உலகம்மாள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அது உனக்குடா" என்றாள். "நீ போம்போது வேணும்லா. ஊருல உனக்குப் பகையாளின்னு வேற யாரு இருக்கா."

குருவையா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். தொண்டையில் இறங்கியது. மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்கப்புறமும் அவன் தினமும் அவள் வீட்டுக்குப் போனான், அவளும் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அவன் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நின்றாள், அவன் பிள்ளைகளுக்குப் பேர் வைத்தாள். மைதானத்தில் கோல்கம்பங்கள் இரண்டும் உளுத்து விழுந்தன, குழியில் கருவேலம் முளைத்தது. வருஷா வருஷம் சித்திரை வெயிலில் உலகம்மாள் அந்தச் செம்பைக் கீழே இறக்கி, அரிசியை முறத்தில் பரப்பிக் காயவைத்து, வண்டு பார்த்து, திரும்பச் செம்பில் போட்டுத் துணி கட்டி வைக்கிறாள். அது இன்னும் ஒரு பிடி இருக்கிறது.